நான் செத்தால் திறப்பு யாரிடம்?

"நான் செத்துப்போனா இதை ஆர் திறக்கிறது?"

நான் இப்படிக் கேட்டதும், எதிரே கதிரையில் இருந்தவர் பிளேன்ரீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் நின்றுபோனது. அம்மாவுக்கும் கேட்டுவிட்டது.

வந்தவர் வெப்சைட் செய்து கொடுப்பவர். மடிக்கணினியைத் திறந்து, என் மாமாவின் விடுதிக்குத் தான் அறுபது படத்தோடு செய்துகொடுத்த சைட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. நிலாவெளி ரோட்டில் சின்னதாய் ஒரு விடுதி வைத்திருக்கிறார். அந்த சைட்டிலேயே எங்கள் படகுக்கும் ஒரு பக்கம் போட்டுவிடலாம் என்பது மாமாவின் யோசனை. ஆளைக் கூட்டிவந்து எனக்கு முன்னால் இருத்தியதும் அவர்தான்.

"என்ன சிஸ்டர் இப்பிடிக் கேக்கிறீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ."

"எல்லாம் என்ட பேரிலதான் பதிஞ்சு வைப்பன். நீங்க ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்ல. ஒரு எழுத்து மாத்த வேணுமெண்டாலும் எனக்கு ஒரு கோல் எடுத்தாச் சரி."

"அப்ப நீங்க செத்துப்போனா?"

அவர் ஹெல்மெற்றைத் தேடத் தொடங்கினார்.

"என்ன பிள்ளை இது," என்றார் மாமா. "வீட்டுக்கு வந்த மனிசனைப் பிடிச்சுச் சாகச் சொல்லுறாய். செத்த வீட்டில இருந்துகொண்டு சாவுக் கதையே கதைக்கிறது?"

"செத்த வீட்டில இருந்தாத்தான் மாமா அது விளங்கும்."

வெளியே முற்றத்தில் படகு தறப்பாளால் மூடிக் கிடந்தது. மாரிக் கடல் இன்னும் அடங்கவில்லை. இரவில் இரைச்சல் வீட்டுக்குள்ளேயே கேட்கும். பொங்கல் வந்துபோனது தெரியாமலே போயிருந்தது. அண்ணா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

மாமா கெட்டவர் இல்லை. இதை எழுதத்தான் வேண்டும். அண்ணாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் கடைசிவரை தோள் மாற்றாதவர் அவர். ஆனால் படகை என்னிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று அவர் முடிவு எடுத்திருந்தார். அவரளவில் அது எனக்கு அவர் செய்யும் உதவி.

"வருசத் திவசம் முடியாம புதுசா ஒண்டும் தொடங்கக் கூடாது. அதோட, செத்தவன்ட பேரில தொழில் நடத்தினா அது விளங்குமோ? படகு என்ட விடுதியோட சேரட்டும். பேரை மாத்துவம். நீ வீட்டில இரு. உனக்குச் சேரவேண்டியது வரும்."

"நான் புதுசா ஒண்டும் தொடங்கேல்ல. அண்ணா தொடங்கினது. பேரும் அண்ணாட பேர்தான்."

மாமா விரலை நீட்டிச் சொன்னார்.

"சரி. சித்திரை வருசப்பிறப்புக்கு முதல், உன்ட சைட்டால ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் படகுக்கு வரட்டும். நான் வாயே திறக்கமாட்டன். வராட்டி படகு எனக்கு. சம்மதமோ?"

"ஓம்," என்றேன். வெப்சைட் என்றால் எதில் செய்வது, எப்படிச் செய்வது, ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது.

விரல்

வீட்டில் அண்ணா நிரூபன். கரையில் ரூபன். படகின் பக்கத்தில் நீலப் பெயின்ற்றால் 'ரூபன் போட்' என்று தானே எழுதினார். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் நெருக்கிப் போட்டிருப்பார்.

ஆட்களை ஏற்றிக்கொண்டு திமிங்கிலம் பார்க்கப் போவதுதான் தொழில். எஞ்சின் பிடிப்பது கிண்ணியாவிலிருந்து வரும் மஃறூப்; முஸ்லிம் அண்ணன் என்பதால் எங்களுக்கு நானா. கடலில் மூச்சுத் தண்ணீர் எழும்பும் இடத்தை முதலில் காண்பது அண்ணாவின் கண். திமிங்கிலம் வரும்வரைக்கும் ஆட்களைச் சிரிக்க வைப்பதும் அவர் பொறுப்பு. "இண்டைக்கு வாறது பொம்பிளைத் திமிங்கிலம். உடுத்து வெளிக்கிட நேரமெடுக்கும். கொஞ்சம் பொறுங்கோ" என்பார். அதை மூன்று மொழியிலும் சொல்வார். மூன்று மொழிக்காரரும் சிரிப்பார்கள்.

என் வேலை இஞ்சி போட்ட பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பதும், லைஃப் ஜக்கற்றுகளைக் கழுவிக் காயப்போடுவதும். மற்ற நேரம் டவுனில் ஒரு புடவைக்கடையில் நின்றேன். அப்பா எனக்கு நினைவு தெரிய முன்னமே இல்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். போன கிழமை நான் எழுதும் இந்தத் தொடரை வாசித்த ஒருவர், அந்தளவு படித்த பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டு எழுதியிருந்தாராம். ஐயா, அந்தளவு படித்தவளின் எழுத்தைக் கிழமைக்குக் கிழமை நீங்கள் ஏன் வாசிக்கிறீர்கள்?

அண்ணா காய்ச்சல் என்று படுத்தார். டெங்கு. மழை விடாமல் பெய்த கிழமை. ஆஸ்பத்திரிப் படியில் நடந்துதான் ஏறினார்.

அவருடைய போன் எங்களிடம் வந்தது. ஆனால் அது திறக்க அவருடைய விரல் வேண்டும். தொழில் முழுக்க அதற்குள்தான் இருந்தது. படங்கள், ஆட்களின் நம்பர்கள், அடுத்த சீசனுக்கு யார் யாரிடம் என்ன சொல்லியிருந்தார் என்பது, எல்லாம்.

பெட்டி வீட்டில் இருந்த அன்று யாரோ காதுக்குள் சொன்னார்கள், "விரலை வைச்சுப் பார், திறக்கும்." நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். அண்ணாவின் கை வெள்ளைத் துணிக்கு மேலே இருந்தது. எஞ்சின் எண்ணெய்க் கறுப்பு நகத்துக்குள் இருந்து இன்னும் போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்துவிட்டேன். செத்த விரலுக்கு அது திறக்காது என்று பிறகு சிலர் சொன்னார்கள். திறக்கும் என்றாலும் அந்த விரலை நான் எடுத்து வைத்திருக்கமாட்டேன்.

ஹலோ? ஹலோ?

அண்ணா இலவசமாகக் கிடைக்கும் ஒரு சமூக வலைத்தளத்தில் படகுக்கு ஒரு பக்கம் வைத்திருந்தார். அதன் திறப்பும், அதாவது கடவுச்சொல்லும், அந்தப் போனுக்குள்தான். எங்களால் வெளியில் நின்று பார்க்க மட்டும் முடிந்தது. பூட்டிய கடைக் கண்ணாடிக்குள்ளே சாமானைப் பார்ப்பது மாதிரி.

உள்ளே ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"நாளைக்கு போட் இருக்கா?"

"ரூபன், நாங்கள் திரும்பவும் வருகிறோம். எங்களை ஞாபகமா?"

"ஹலோ? ஹலோ?"

நான் கடை முடிந்து பஸ்ஸில் வரும்போது இவற்றை வாசிப்பேன். ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் பதில் சொல்வேன். ஒருநாள் ஒருவர், எத்தனை தடவை எழுதியும் பதில் இல்லை, மரியாதை தெரியாத ஆள் என்று எழுதி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்.

செத்தவருக்கு ஒரு நட்சத்திரம். பஸ் ஸ்ராண்டில் இறங்கி நின்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. டவுனுக்குள் மாடு மாதிரித் திரியும் மான்கள் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன. அதுகளுக்கு முன்னால் என்னத்தைக் கத்துவது. வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

வருகிற வழியில்தான் முடிவு எடுத்தேன். இனி எதைச் செய்தாலும் ஒரு ஆளோடு சேர்ந்து சாகக்கூடிய ஒன்றைச் செய்யக்கூடாது. வெப்சைட்காரரிடம் நான் கேட்ட கேள்வி அப்படி வந்ததுதான்.

சாயம் போகுமோ?

புடவைக்கடையில் ஒரு விசயம் படித்திருக்கிறேன். மேசை நிறைய விரித்துப் போடுவோம். கரையைப் பார்ப்பார்கள், முந்தானையைப் பார்ப்பார்கள், தோளில் போட்டுக் கண்ணாடி பார்ப்பார்கள். எல்லாம் முடிந்து, துணியை இரண்டு விரலால் கசக்கிக்கொண்டு, குரலைக் குறைத்துக் கேட்பார்கள்: "சாயம் போகுமோ?"

அதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் வடிவு பார்ப்பது.

வெப்சைட்டை நாங்களே செய்துகொள்ள இடம் தரும் கம்பனிகள் நிறைய இருப்பதைப் போனில் தேடிக் கண்டுபிடித்தேன். எழுத வேண்டியதை எழுதி, படத்தை இழுத்துப் போட்டால் சைட் வந்துவிடும் என்றார்கள். எல்லாரும் வடிவு காட்டினார்கள். ஒன்றில் அலை நிசமாக அடிப்பது போல இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சோற்றுக் கையைக் காயவிட்டேன். தமிழில் அடித்துப் பார்த்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகக் கிடந்தது. பரவாயில்லை, கேள்வியைக் கேட்போம் என்று, உதவிக்கு எழுதும் பெட்டிக்குள் போனேன். மொழிபெயர்க்கும் செயலியில் தமிழைப் போட்டு, வந்த இங்கிலிஷை அனுப்பினேன்.

"நான் செத்தால் என் சைட்டை யார் திறப்பார்கள்?"

உடனே பதில் வந்தது. நீங்கள் தனியாக இல்லை, உங்கள் வாழ்வு மதிப்புள்ளது, தயவுசெய்து உடனே யாருடனாவது பேசுங்கள் என்று, ஏதோ ஒரு நாட்டு உதவி நம்பரும் கொடுத்திருந்தது.

அது மெசின் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வந்துவிட்டது. "நான் சாகப்போகவில்லை. என் அண்ணா செத்துவிட்டார். நான் படகுக்கு ஆள் பிடிக்கிறேன்" என்று அடித்தேன். அது திரும்பவும் அதே நம்பரைத் தந்தது.

அலையையும் அவர்களையும் விட்டேன்.

வேறு சிலவற்றிலும் கேட்டேன். ஒன்று பதிலே போடவில்லை. ஒன்று, கூடக் காசு கட்டும் திட்டத்துக்கு மாறினால் எல்லா வசதியும் உண்டு என்றது. கடைசியில் கொஞ்சம் வடிவு குறைந்த ஒன்றில், ஒருநாள் கழித்து, மெசின் இல்லை, ஒரு மனிசர் எழுதினார். சின்னப் பதில். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். சைட்டுக்கு இரண்டாவது சொந்தக்காரர் ஒருவரைச் சேர்க்கலாம், உங்களுக்கு உள்ள எல்லா உரிமையும் அவருக்கும் இருக்கும். இணைய முகவரியை வேறு யார் பேரிலும் விடாமல் உங்கள் பேரிலேயே பதியுங்கள். இடைக்கிடை எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள், எங்கள் கம்பனியும் ஒருநாள் இல்லாமல் போகலாம்.

கடைசி வசனத்தை இரண்டு தரம் வாசித்தேன். தன் துணிக்குச் சாயம் போகும் என்று சொன்ன ஒரே கடைக்காரர் அவர்தான்.

அதையே எடுத்தேன். காசு கட்டிய கதையை விடுங்கள். வெளிநாட்டுக்குக் காசு கட்டிப் பார்த்த எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும்.

பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும்

இப்போது நான் செய்த கூத்தைச் சொல்கிறேன்.

முதல் பக்கத்துக்கு அவர்கள் வைத்திருந்த மாதிரிகளில் ஒன்றை எடுத்தேன். கரு நீலப் பின்னணி, கடல் மாதிரி இருக்கட்டும் என்று. நடுவில் வட்டத்துக்குள் ஒரு படம். மூலையில் ஒரு வெள்ளைப் பூ ஏற்கெனவே இருந்தது. வடிவாய்த்தானே இருக்கிறது என்று விட்டேன்.

நடுவில் போட அண்ணாவின் படம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. மச்சாளின் கலியாணத்தில் எடுத்து, ஸ்ரூடியோவில் பெருப்பித்த படம். போஸ்ரருக்கு என்று பெருப்பித்தது. எந்தப் போஸ்ரர் என்று உங்களுக்கு விளங்கும்.

அதற்குக் கீழே 'நாங்கள் யார்' என்று ஒரு இடம். ஒரு மனிசரைப் பற்றி அச்சில் எப்படி எழுதுவது? எனக்குத் தெரிந்தது ஒரு விதம்தான். பேப்பரில் வருவது, மதிலில் ஒட்டுவது. அப்படியே எழுதினேன்: "திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் உப்புவெளியை வசிப்பிடமாகவும் கொண்ட ரூபன் அவர்கள்…"

'தொடங்கிய படகுச் சேவை' என்றுதான் முடித்தேன். ஆனால் அந்த இடம்வரை யார் வாசித்தார்கள்?

சந்தோசமாய்ச் சொந்தக்காரர் எல்லாருக்கும் இணைப்பை அனுப்பினேன். கனடா, பாரிஸ், மட்டக்களப்பு, எல்லா இடமும். "பார்த்திட்டு மற்றாக்களுக்கும் அனுப்புங்கோ" என்று சேர்த்தும் எழுதினேன். பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. மஃறூப் நானா வந்து படகின் தறப்பாளைக் கழற்றிவிட்டார்.

அன்று பின்னேரமே போன் அதிரத் தொடங்கியது. பதிவு செய்யும் படிவங்கள். ஒன்றுக்குப் பின் ஒன்று. "நானா, வந்திட்டுது! ஆக்கள் வந்திட்டுது!" என்று முற்றத்துக்கு ஓடினேன். திறந்து வாசித்தேன்.

"ஆழ்ந்த அனுதாபங்கள்."

"அன்னாரின் ஆத்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறோம்."

"முப்பத்தோராம் நாள் கிரியை எண்டைக்கு? ஏன் எங்களுக்கு அறிவிக்கவில்லை?"

நானா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"புள்ள," என்றார் பிறகு, "இது மவுத் அறிவித்தல் மாதிரியெல்லவா இரிக்கி. நானும் பாத்த உடன ஒரு துஆ ஓதிட்டன்."

குளிக்கிற உடுப்பு

அடுத்த நாள் விடிய மாமா மோட்டார் சைக்கிளை முற்றத்துக்குள்ளேயே விட்டார்.

"பாரிஸ் அக்கா அழுதுகொண்டு கோல் எடுத்தவ. அனுதாபம் சொன்ன மனிசிக்கு நீ என்ன அனுப்பினனி?"

"நான் ஒண்டும் அனுப்பேல்ல."

"குளிக்கிற உடுப்போட வரச் சொல்லியிருக்கிறாய்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படிவம் நிரப்பினால் தானாக ஒரு பதில் போகும். அந்தப் பதிலைச் சந்தோசமாய் இருந்த ஒருநாள் நானேதான் எழுதி வைத்தேன். மாமாவின் அக்கா, எனக்குப் பாரிஸ் பெரியம்மா, ஒழுங்கான ஆள்; அதை அண்ணாவின் நினைவுப் பக்கம் என்றே நம்பிவிட்டார். படிவத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாய் விடவில்லை. எத்தனை பேர் என்ற இடத்தில் தன் குடும்பக் கணக்கைப் போட்டிருந்தார். திகதிக்கு அன்றைய திகதி. விசேட தேவை என்ற இடத்தில், "தாங்கமுடியாத துயரம்".

அவருக்கு உடனே போன பதில் இது: "நன்றி! உங்கள் படகு உறுதி. தொப்பியும் குளிக்கிற உடுப்பும் கொண்டு வாங்கோ. கரையில் சந்திப்போம்!"

மாமா அதை முழுக்க வாசித்துக் காட்டினார். கரையில் சந்திப்போம் என்ற இடத்துக்கு வந்ததும் போனை என் பக்கம் நீட்டினார்.

குசினிக்குள் ஏதோ விழுந்தது. போய்ப் பார்த்தேன். அம்மா நிலத்தில் இருந்து, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவன் இருந்திருந்தா," என்றார் மூச்சு வாங்க, "இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு சீசன் ஓட்டியிருப்பான்." அதன் பிறகுதான் அழுதார்.

மாமா வாசலில் நின்று இரண்டையும் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது. ஆனால் பிடி இறங்கவில்லை.

"பிள்ளை, நான் பகிடிக்குச் சொல்லேல்ல. பெடியன்ட பேர் சந்தி சிரிக்குது. அதை அழிச்சு விடு. படகை நான் பாக்கிறன்."

"வருசப்பிறப்புக்கு இன்னும் ரெண்டு கிழமை இருக்கெல்லோ மாமா?"

"அனுதாபத்தைத் தவிர வேற என்ன வரும் உனக்கு?"

"வாறது வரட்டும். ரெண்டு கிழமையும் என்ட."

ஒரு கேள்வி

எல்லாவற்றையும் ஒரே தட்டில் அழிக்க ஒரு பொத்தான் இருந்தது. பெருவிரலை அதற்கு மேலே கொண்டுபோனேன். அழுத்த முடியவில்லை. ஒவ்வொருவரும் இருந்து, யோசித்து, கட்டம் நிரப்பி அனுப்பியது. அண்ணாவுக்கு வந்த கடிதங்களை வாசிக்காமல் எரிப்பது போல இருந்தது. சரி, ஒவ்வொன்றாய் வாசித்துவிட்டு அழிப்போம் என்று படகின் நிழலில் இருந்தேன்.

வாசித்தேன், நன்றி சொல்லி எழுதினேன், அழித்தேன். ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி. அண்ணா சின்னதில் மாங்காய் களவெடுத்த கதை ஒன்று. ஆழ்ந்த இரங்கல்.

அவற்றுக்கு நடுவில் ஒன்று இங்கிலிஷில் இருந்தது. கண்டியிலிருந்து ஒரு தாய். வருசப்பிறப்பு விடுமுறைக்குத் திருகோணமலை வருகிறார்களாம். படிவம் வந்து இரண்டு நாளாகிவிட்டது, அனுதாபங்களுக்குக் கீழே அமுங்கிக் கிடந்திருக்கிறது. துயரம் ஒன்றும் இல்லாத கேள்வி.

"சின்னப் பிள்ளைகளுக்கு அளவான லைஃப் ஜக்கற் இருக்கிறதா?"

இதற்கு நான் அழுதேன். அத்தனை அனுதாபத்துக்கும் அழாதவள், லைஃப் ஜக்கற்றுக்கு அழுதேன். நாலு மாதமாய் என்னிடம் எல்லாரும் செத்தவரைப் பற்றித்தான் கேட்டார்கள். உயிரோடு இருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தரம். எனக்கு விடை தெரிந்த கேள்வியும்கூட.

"இருக்கிறது. நானே கழுவி வைத்திருக்கிறேன்" என்று எழுதினேன்.

வருகிறோம் என்று பதில் போட்டார்கள். வருசப்பிறப்புக்கு முந்தின கிழமை.

அன்றைக்கே முதல் பக்கத்தை மாற்றினேன். கருநீலத்தை எடுத்தேன். பூவைப் பிடுங்கினேன். நடுவில் தனியாய்ச் சிரிக்கும் முகம் என்றால் எங்கள் சனத்துக்கு அது செத்த முகம்தான், அதை யாராலும் மாற்ற ஏலாது. நானாவிடம் வேறு படம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தன் போனைத் துடைத்துத் தந்தார். படகின் முன்முனையில் அண்ணா நிற்கிறார், முதுகு காட்டி. கை தூரத்தில் எதையோ காட்டுகிறது. சேர்ட் காற்றில் உப்பியிருக்கிறது.

"முகம் விழல்லயே புள்ள."

"முகம் வேணாம் நானா. கை போதும்."

'நாங்கள் யார்' என்ற இடத்தில் பிறப்பிடத்தையும் வசிப்பிடத்தையும் அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "ரூபன் தொடங்கினார். மஃறூப் ஓட்டுகிறார். நான் திமிங்கிலம் பார்க்கிறேன். ரூபனின் கண் எனக்கு இன்னும் வரவில்லை. பழகுகிறேன்."

கண்டிக் குடும்பம் வந்த விடிய மாமாவும் கரைக்கு வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சின்ன மகளுக்கு ஜக்கற் கொஞ்சம் பெரிது. நான் பட்டியை இழுத்துக் கட்டினேன். படகைத் தள்ளும்போது பக்கத்தில் இன்னொரு தோள் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், மாமா. சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால்த் தண்ணீரில் நின்றார்.

திமிங்கிலம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. முதலில் கண்டது நான் இல்லை. அந்தப் பெரிய ஜக்கற் பிள்ளை. நான் அந்த நேரம் கடல் ஆட்டம் தாங்காமல் மற்றப் பக்கம் குனிந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். "பாருங்க, நம்மட கைடு எப்பிடி வேல செய்யுது" என்று நானா எஞ்சினைக் குறைத்துக்கொண்டு சொல்ல, படகு முழுக்கச் சிரித்தது. சிரிக்க வைத்துவிட்டேன் அண்ணா என்று வாயைத் துடைத்தேன்.

இரண்டாவது ஆள்

வருசப்பிறப்புக்குப் பிறகு ஒருநாள் மாமா வந்தார். பிளேன்ரீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். சீனி கேட்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"உன்ட சைட்டில கீழ எங்கயும் ஒரு மூலை இருக்கோ?"

"ஏன் மாமா? விடுதிக்குத்தான் அறுபது படத்தோட ஒண்டு இருக்கே."

"அந்த வெப்சைட் பெடியன் கட்டாருக்குப் போயிட்டான். சைட் நிண்டுபோச்சு. எல்லாம் அவன்ட பேரில." கோப்பைக்குள் பார்த்தார். "சாகேல்ல. போன்தான் எடுக்கிறான் இல்ல."

மூலை கொடுத்தேன். ஒரே ஒரு படம்.

என் சைட்டில் ஒரு கட்டம் மட்டும் அதுவரைக்கும் வெறுமையாய்க் கிடந்தது. இரண்டாவது சொந்தக்காரர். இத்தனைக்கும் அதற்காகத்தான் அந்தக் கம்பனியை எடுத்தேன். கேள்வியைக் கேட்டவளுக்குப் பதிலை நிரப்பக் கை வரவில்லை.

ஒரு மத்தியானம் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அம்மா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்கள்தான் ரெண்டாவது ஆள். ஒரு திறப்பு வைக்க வேணும். எழுத்தும் இலக்கமும் சேர்ந்தது. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"நீ செத்தா நான் திறக்கிறதுக்கோ?"

நான் போனை நீட்டினேன்.

அம்மா கையைக் கழுவினார். சீலையில் துடைத்தார். போனை வாங்கி, எனக்குக் காட்டாமல் மற்றப் பக்கம் திரும்பி, ஒற்றை விரலால் அடித்தார். நேரமெடுத்தது. இரண்டாம் தரமும் அதையே அடிக்கச் சொல்லிக் கேட்டது, அடித்தார். பச்சை நிறத்தில் சரி என்று வந்தது.

"மறக்கமாட்டீங்கள்தானே அம்மா?"

போனை என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பப் புளியைக் கையில் எடுத்தார்.

"மறந்திட்டன்."

"அம்மா!"

"நீ செத்தாத்தானே அது எனக்கு வேணும் எண்டனி. அப்ப எனக்கு அது வேணாம். நீதான் திறக்கிறாய், கடைசிமட்டும் நீதான் திறக்கிறாய். எழும்பு. நாளைக்கு ஆள் வருதெல்லோ, அந்த ஜக்கற்றெல்லாம் இன்னும் உப்போட கிடக்கு. போய்க் கழுவு."